விதைக்காரம்மாவின் பெண் மரம்

பேருந்தில் முன்னால் உட்கார்ந்திருப்பவரின் தோளில் ஒரு விதை ஒட்டியிருந்தால், விதைக்காரம்மா கேட்காமலே கையை நீட்டி எடுத்துவிடுவார். திரும்பி முறைப்பவரிடம், "உங்களுக்கு இது வேணாம்ல?" என்பார். நகத்தால் கீறிப் பார்த்துக் கைக்குட்டையில் முடிந்துகொள்வார். எங்கள் பழக்கம் அப்படித்தான் தொடங்கியது. தோள் என்னுடையது.

நகராட்சி நாற்றுப்பண்ணையில் அவருக்கு இருபத்திரண்டு வருஷமாக வேலை. மரம் மரமாகப் போய் விதை பொறுக்குவது, காயவைப்பது, தேறுமா என்று கீறிச் சோதிப்பது. இடது கட்டைவிரல் முழுக்க பிளேடு கிழித்த தழும்புகள். பழம் தின்றால் கொட்டையை எறிய மாட்டார். வீட்டு ஜன்னல் விளிம்பில் அவை வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும். "எறும்பு வளர்க்கிறியா?" என்று கேட்டுக் கேட்டு அவர் கணவர் ஓய்ந்துவிட்டார்.

மரங்களைப் பற்றி, பக்கத்து வீட்டுச் சங்கதிபோலத்தான் பேசுவார். "நடக்க முடியாத ஜென்மம் சார். அதான் பிள்ளைக்கு இறக்கை கட்டி அனுப்புது. காலடியிலயே விழுந்தா அம்மாவோட நிழலே அதைக் கொன்னுடும்."

அவர் உயிரையே வைத்திருந்தது பண்ணைக்குப் பின்னால் நிற்கும் ஒரு மரத்தின்மேல். அந்த இனத்தில் ஆண் வேறு, பெண் வேறு, இது பெண். ஊரிலிருந்த ஒரே ஆண் மரம் இரண்டு தெரு தள்ளி, பள்ளிக்கூட வளாகத்தில். தேனீக்கள் இரண்டுக்கும் நடுவே போய்வந்தன. அவர் முன்பு இதன் விதையிலிருந்து முளைக்கவைத்த முந்நூறு கன்றுகளையும் சாலையோரம் நட்டிருந்தார்கள். சாலையை அகலப்படுத்தியபோது ஒன்றுகூட மிஞ்சவில்லை. இரண்டு மரத்தின் கிளையையும் வெட்டி நட்டுப் பார்த்தார். வேர் பிடிக்கவில்லை.

போன வருஷம் பள்ளிக்குப் புதுக் கட்டடம் வந்தது. சேதி தெரிந்து இவர் ஓடியபோது ஆண் மரம் தரையில் கிடந்தது. மொட்டு விட்டிருந்த நேரம். மரம் வெட்டியவர் ரம்பத்தைத் துடைத்துக்கொண்டே, "விறகுக்கு வேணுமாக்கா?" என்றார்.

"பூவுக்கு," என்றார் இவர்.

அள்ள முடிந்த கிளைகளை அள்ளிவந்து தண்ணீரில் நிறுத்தினார். நாலாம் நாள் சில மொட்டுகள் விரிந்தன. மகரந்தத் தூளைக் காகிதத்தில் தட்டி எடுத்து, ஏணியில் ஏறி, சின்னத் தூரிகையால் பெண் பூக்களில் தொட்டுத் தொட்டு வைத்தார். ஒன்பது நாள். "இந்த வயசுல கல்யாணத் தரகு வேலை பார்க்கிறாங்க" என்று பண்ணையில் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

மரம் கொத்துக் கொத்தாகக் காய்த்தது. "வந்து பாருங்க சார்" என்று என்னைக் கூப்பிட்டபோது, அந்தக் குரலில் அதுவரை நான் கேட்டிராத ஒரு துள்ளல்.

நான் போய் நின்றபோது முதல் விதையைக் கீறினார். உள்ளே பருப்பு இல்லை. அடுத்ததிலும் இல்லை. கூடையில் பாதிவரை கீறிக்கொண்டே போனார்.

"தூள் சேராட்டாலும் இது காய்க்கும். இறக்கை, தோலு எல்லாம் ஒழுங்கா செஞ்சுடும். உள்ளதான் ஆள் இருக்காது," என்றார். இன்னொன்றைக் கீறியபடியே, "வெட்டிப் போட்ட கொம்புல பூத்தது. தெம்பு இருந்திருக்காது."

மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்தார். நல்ல மனிதர். "விடுங்கம்மா, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

"அடுத்த வருஷம் யாரோட சார்?"

அவர் விதை எடுக்கும் மரங்களின் பட்டியலில் அதன் எண்ணை அடித்துவிட்டுப் போனார்.

விதைக்காரம்மா மிச்ச விதைகளின் இறக்கைகளைக் கிள்ளி, அகலமான ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டார். உயிருள்ள விதை ஊறிக் கனத்து அடியில் இறங்கும், பதர் மிதக்கும். சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தோம். வெளியே காற்று எழும்போதெல்லாம் மரம் தன் பதர்களைக் கூரைக்கும் தெருவுக்கும் சாக்கடைக்கும் சுழற்றிச் சுழற்றி அனுப்பிக்கொண்டிருந்தது.

"பாவம், அதுக்குத் தெரியாது," என்றார்.

ஒன்றும் இறங்கவில்லை. ஆள்காட்டி விரலால் ஒரு விதையைத் தண்ணீரின் அடிவரை அழுத்தி, விரலை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.