அவள் மூடிவைத்த கண்ணாடி

எங்கள் ஆய்வகத்து ஓவனில் இரண்டாவது தட்டு அவளுடையது. அதில் வேறு யாராவது தங்கள் சாமானை வைத்தால் எனக்குக் கோபம் வரும். அவள் வேலூரைவிட்டுப் போன பிறகு அந்தக் கோபம் இன்னும் ஜாஸ்தியானது.

இருவரும் ஒரே சமயத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தோம். நான் ஒடுகத்தூர் பஸ்ஸில் வருவேன், அவள் மேல்விஷாரத்திலிருந்து. அவளுடைய அப்பா தோல் வியாபாரி. வீட்டில் உருது, என்னிடம் தமிழ், வேலை சொதப்பினால் இரண்டும் கலந்து திட்டு.

எங்கள் வேலை போரோசிலிக்கேட் கண்ணாடி செய்வது. அணுக்கழிவை உருக்கிப் பூட்டிவைக்க இந்தமாதிரிக் கண்ணாடியைத்தான் நம்புகிறார்கள். கழிவில் நியோடைமியம், லாந்தனம் போன்ற அருமண் தனிமங்கள் இருக்கும். கதிர்வீச்சு இல்லாத அதே தனிமங்களைச் சேர்த்து, கண்ணாடி எவ்வளவு தாங்குகிறது என்று நாங்கள் பார்த்தோம். உருகிய கண்ணாடியை உலையிலிருந்து எடுத்துப் பித்தளைத் தட்டில் ஊற்றுவது எப்போதும் அவள்தான். எனக்கு அந்தச் சூட்டைக் கண்டால் பயம். நியோடைமியம் போட்ட கண்ணாடி வெயிலில் ஊதாவாகவும் டியூப்லைட்டில் நீலமாகவும் தெரியும். முதல் முறை அதைப் பார்த்த அன்று, துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் அறைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். போதும் வாம்மா என்று நான்தான் அதட்ட வேண்டியிருந்தது.

சிலிக்கானும் போரானும் ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு ஒரு பின்னலாக நிற்கும். அருமண் அணு பெரியது. அளவோடு போட்டால் பின்னலுக்குள் இடம் பிடித்து அடங்கும், அதிகமானால் தனியே பிரிந்து படிகமாகிவிடும். எதுவரை அடங்கும், அடங்கியபின் கண்ணாடி எவ்வளவு உறுதியாக இருக்கும் என்பது அவளுடைய கேள்வி. விடை லேசில் வராது. கண்ணாடியைப் பொடித்துச் சுத்தமான நீரில் போட்டு, குப்பியை இறுக மூடி, ஓவனில் தொண்ணூறு டிகிரியில் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். கடைசியில் நீரில் போரான் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால் கண்ணாடி எவ்வளவு கரைந்தது என்று தெரிந்துவிடும். அவளுடைய கடைசிக் குப்பிகளுக்கு ஒரு வருஷம் கெடு.

குப்பிகளை வைத்த கொஞ்ச நாளிலேயே நிக்காஹ் முடிவானது. மாப்பிள்ளை ஆம்பூர்க்காரர், துபாயில் வேலை. ஆம்பூர்க் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு அன்று ஒரு வாய் இறங்கவில்லை. பெண்கள் கூட்டத்துக்கு நடுவே மருதாணிக் கையால் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"வருஷம் முடியறப்ப நான் வந்துடுவேன். நான்தான் திறப்பேன். நீ கை வைக்காத."

மாதாமாதம் குப்பிகளை எடைபோட்டு, நீர் குறையவில்லை என்று அவளுக்குப் படம் அனுப்பினேன். முதலில் பக்கம் பக்கமாகப் பதில் வந்தது. பிறகு வெறும் கட்டைவிரல் படம். மதியம் டப்பாவைத் திறந்தால் எதிர் நாற்காலியைத்தான் பார்ப்பேன். எங்கள் வீட்டு வேர்க்கடலைச் சட்னிக்கு என்னோடு சண்டைபோட அங்கே ஆள் இல்லை. அவள் இல்லாத அந்த இடம் எனக்குப் பிடிக்கவே இல்லை.

வருஷம் முடிந்தது. அவள் வரவில்லை. பேராசிரியர் திறக்கச் சொன்னார். இன்னும் கொஞ்ச நாள் விட்டால் தரவு இன்னும் நன்றாக இருக்கும் என்று நான் வாதாடினேன். அது பொய்யில்லை, ஆனால் என் காரணம் அதுவுமில்லை. குப்பி மூடியிருக்கும்வரை அவள் வர வேண்டியவள். அவ்வளவுதான்.

பிறகு ஒரு நாள் அவளே போன் செய்தாள்.

"நான் வர்ற மாதிரி இல்லடி. பேஜார் பண்ணாத, நீயே திறந்துடு."

திறந்தேன். நீர் தெளிவாக இருந்தது. பரிசோதனை முடிவு வந்தபோது நம்பாமல் மறுபடியும் அனுப்பிப் பார்த்தேன். போரான் மிகவும் கம்மி. நியோடைமியம் நீருக்குள் வரவே இல்லை என்று சொல்லலாம், கண்ணாடியின் மேற்பரப்பிலேயே தங்கிவிட்டது. எங்களில் யாருக்கும் வாய்க்காத கண்ணாடியை அவள் செய்துவைத்துவிட்டுப் போயிருந்தாள்.

போனில் அவளிடம் போரான் அளவைச் சொன்னேன்.

"இன்னொரு வாட்டி சொல்லு" என்றாள். சொன்னேன். குரல் உடைந்துபோய், "சோடியம் எவ்ளோ? சிலிக்கான்? எல்லாக் குப்பியும் படிடி" என்றாள்.

இத்தனை நாள் எப்படி இருந்தாய் என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் அவளுக்காக ஏங்கிக்கொண்டிருந்தேன். அவள் ஏங்கியது இந்தக் கண்ணாடிக்காக. கோபப்பட்டிருக்க வேண்டும், முடியவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, முதல் குப்பியிலிருந்து ஒவ்வொன்றாக, மிக நிதானமாகப் படித்தேன், அவள் சீக்கிரம் போனை வைத்துவிடக் கூடாது என்பதற்காக.