எதிர்வீட்டிலிருந்து வந்த பாட்டு

எங்கள் தெருவில் சாவுச் செய்தியை யாரும் வாயால் சொல்லிக்கொண்டு வரமாட்டார்கள். பாட்டு சொல்லிவிடும். உறவுக்காரர்கள் வந்து சேர்வதற்கு முன்பே ஃப்ரீசர் பெட்டி வந்துவிடும். பெட்டியோடு ஒரு ஸ்பீக்கரும் வரும். பெட்டிக்காரர் பிளக்கைச் சொருகியதும் ஓர் ஆண் குரல் சிவன்மேல் பாட ஆரம்பிக்கும். செங்கம் ரோட்டின் இந்தப் பக்கத்துக்குப் பெட்டி வாடகைக்கு விடுகிறவர் அவர் ஒருவர்தான். அவரிடம் இருப்பதும் அந்த ஒரே பாட்டுதான். குழம்பு கொதிக்கும்போது அந்தக் குரல் காதில் விழுந்தால் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்து, "யார் வீடு?" என்று கேட்போம். என்ன பாட்டு என்று யாரும் கேட்டதில்லை.

அந்தப் பாட்டைத்தான் என் அக்கா உயிரோடு இருக்கும்போதே கேட்க வேண்டும் என்றாள்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் அப்பா கட்டிய வீட்டு மாடியில் இருந்த இரண்டு அறைகளை, ஆசிரமத்துக்கு வரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டே காலத்தை ஓட்டியவள். அவர்களைத் தமிழிலேயே திட்டுவாள். அவர்களும் புரிந்துகொண்டு பாத்ரூமைக் கழுவுவார்கள். என் கணவர் இறந்த பிறகு நானும் அவளோடு வந்து இருந்துவிட்டேன். எனக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை. தினமும் பஸ். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து இருந்தோம் என்பதைவிட, சேர்ந்து சண்டை போட்டுக்கொண்டு இருந்தோம் என்பதுதான் சரி.

பிறகு அவளுக்கு நுரையீரல் சுருங்க ஆரம்பித்தது. மூக்கில் குழாயும் கட்டில் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷினும் வந்தன. நோயைக்கூடத் தாங்கிக்கொண்டாள், பயத்தைத்தான் தாங்க முடியவில்லை. மூச்சு லேசாக முட்டும். உடனே பயம் வரும். பயம் வந்ததும் மூச்சு இன்னும் முட்டும். கண் இரண்டும் வெளியே வந்துவிடுகிற மாதிரி என்னைப் பார்ப்பாள். அதுவரை யாருக்கும் பயப்படாதவள் அவள்.

"மெஷின் பாதி வேலைதான் செய்யும். மீதியை மனசுதான் செய்யணும். படபடப்பு வரும்போது அமைதியா ஏதாவது பாட்டு போட்டுக் கேளுங்க" என்றார் டாக்டர். இந்த மாதிரி ஒரு படபடப்பிலேயே மூச்சு நின்றுபோகலாம், மழைக்காலம்வரை தாங்கினாலே பெரிது என்று என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்.

போட்டேன். வீணை போட்டேன், புல்லாங்குழல் போட்டேன், பழைய சினிமாப் பாட்டு போட்டேன். போனில் தேடினால் மன அமைதிக்கென்றே மணிக்கணக்கில் ஓடுகிற பாட்டுகள் கொட்டிக் கிடந்தன. மழைச் சத்தத்துக்கு, "துணி காயுதுடி, எடு" என்றாள். கடலுக்குள் திமிங்கிலம் கத்துவதைப் பதிவு செய்திருந்தார்கள். "எருமைக்கு வயித்து வலியா?" என்று கேட்டாள். மாடியில் குடியிருந்த வெள்ளைக்காரப் பெண் ஒரு வெண்கலக் கிண்ணத்தைக் கொண்டுவந்து, கண்ணை மூடி, கட்டையால் சுற்றிச் சுற்றித் தேய்த்தாள். "பாவம், பசிக்குது போல. அதுல சோறு போட்டுக் குடு" என்றாள் அக்கா. மூச்சு நன்றாக இருக்கும்போது இந்த வாய் எல்லாம் பேசும். முட்டும்போது எந்தப் பாட்டும் உள்ளே போகாது.

அப்போதுதான் எதிர்வீட்டுக்காரர் இறந்தார். தெருவை அடைத்து ஷாமியானா போட்டு, நாற்காலி போட்டு, பெட்டியை நடுவில் வைத்தார்கள். பாட்டு ஆரம்பித்தது. அன்றைக்கு மத்தியானமே அக்காவுக்கு அதுவரை வராத அளவுக்கு மூச்சு முட்டியது. ஆட்டோ உள்ளே வர வழியில்லை. நான் வாசலுக்கும் கட்டிலுக்கும் ஓடினேன். மூன்றாவது முறையோ நான்காவது முறையோ உள்ளே ஓடிவந்தபோது அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்திருந்தாள். மார்பு மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"அவரு மூச்சு இழுக்குறது கேக்குது பாரு" என்றாள்.

நின்று கேட்டேன். சிறுவயதிலிருந்து எத்தனையோ சாவுகளில் காதில் விழுந்த பாட்டு. அன்றுதான் முதல் தடவையாகக் கேட்டேன். ஒவ்வோர் அடி முடிந்ததும் நீளமான இடைவெளி. அந்த இடைவெளியின் கடைசியில், அடுத்த அடியைத் தொடங்கும் முன், பாடுகிறவர் காற்றை உள்ளே இழுக்கும் சத்தம் பதிவாகியிருந்தது. அவர் இழுக்கும்போது அக்காவும் இழுத்தாள். அவர் பாடி முடிக்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். எதிரே பெட்டிக்குள் ஒருவர் கிடக்க, அவருக்காகப் போட்ட பாட்டில் இவள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் எதிர்வீட்டில் எல்லாம் முடிந்து பெட்டி போனதும், "அந்தப் பாட்டை வாங்கிட்டு வா" என்றாள். மாட்டேன் என்றேன். கத்தினேன். அடுத்த முட்டலில் அவள் கண்ணைப் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பெட்டிக்காரரிடம் போனேன்.

"யாருக்குங்க?" என்றார், பெட்டியைத் துடைத்துக்கொண்டே.

"கேக்கறதுக்கு" என்றேன்.

துடைத்த கை நின்றது. "கேக்கறதுக்குன்னு யாரும் வந்தது இல்லீங்க." பாட்டு ஏற்றிய ஒரு பழைய ஸ்பீக்கரையே எடுத்துக் கொடுத்தார். பாடினவர் யாரென்று கேட்டேன். தெரியாது, தொழிலை விட்டுப்போனவர் கொடுத்த கேசட்டிலிருந்து எடுத்தது என்றார். "சத்தம் கம்மியா வைங்க. தெருவுல தப்பா எடுத்துக்குவாங்க."

அக்காவுக்குச் சத்தம் கம்மியாக வைத்தால் அந்த மூச்சு கேட்காது. மெஷின் வேறு உஸ் என்று இரைந்துகொண்டிருக்கும். ஆகவே முதல் நாளே ஜாஸ்தியாக வைத்தாள்.

முதலில் பால்காரம்மா வந்தாள். கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, தலைமுடியை அவிழ்த்துக்கொண்டே, "எப்போ?" என்றாள். எதிரே இரும்புக்கடை பாய் ஷட்டரைப் பாதி இறக்கினார். தெருவில் சாவு என்றால் அவர் வாப்பா காலத்திலிருந்தே அந்தக் கடை அப்படித்தான். தெருக்கோடி மாமி கையில் மாலையோடு வந்து நின்றாள். இவ்வளவு சீக்கிரம் எங்கே வாங்கினாளோ தெரியவில்லை. நான் விளக்கம் சொல்லத் தொடங்குவதற்குள் ஜன்னலிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"பாய், கடையைத் தெறங்க. நான் இன்னும் போகல."

பாய் ஷட்டரைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். "அல்லா... மன்னிச்சுக்குங்கம்மா" என்றார். பால்காரம்மா அவிழ்த்த முடியை அவசரமாக முடிந்துகொண்டாள்.

"மாமி, பின்னாடி என்ன ஒளிக்கிறீங்க? குடுத்துட்டுப் போங்க. பூ வாடிடும்" என்றாள் அக்கா.

அந்த மாலையை வாங்கி என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. சாமிக்குப் போட முடியாது, குப்பையில் போடவும் மனம் வரவில்லை. வாசல் வேப்பமரத்துக் கிளையில் மாட்டினேன். மாமி போகும்போது என்னிடம், "உயிரோட இருக்கிறவங்களுக்குப் போடுற பாட்டா இது? கேட்டா அழைச்சுக்கிட்டுப் போயிடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனாள். கணக்கு டீச்சர் இதையெல்லாம் நம்பக்கூடாது. நம்பினேன். ஸ்பீக்கரை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். அன்று சாயங்காலமே அக்கா நீலம் பாரித்துப்போனாள். நானே டிரம்மை உருட்டித் தள்ளிவிட்டு ஸ்பீக்கரை எடுத்து வந்து போட்டேன்.

அதன் பிறகு தினமும் பாட்டுதான். தெரு பழகிக்கொண்டது. பௌர்ணமிக்கு மலை சுற்ற வருகிறவர்களில் வெளியூர்க்காரர்கள் மட்டும் எங்கள் சந்து முனையில் நின்று, உள்ளே எட்டிப் பார்த்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு போவார்கள். நான் பழகவில்லை. சமைக்கும்போது பாட்டின் இடைவெளி வந்தால் கரண்டியைப் பிடித்தபடி நிற்பேன். குரல் திரும்ப வந்த பிறகுதான் கிளறுவேன். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதிக்கொண்டே இருப்பேன், திடீரென்று கை நின்றுவிடும். நான் மூச்சை நிறுத்தி வைத்திருப்பது அப்போதுதான் தெரியும்.

ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போனது. மெஷினுக்கு இன்வெர்ட்டர் இருந்தது; ஸ்பீக்கருக்கு இல்லை. சரியாக ஓர் அடி முடிந்த இடத்தில் பாட்டு நின்றது. அக்காவின் மார்பும் நின்றது. நான் கட்டிலண்டை ஓடினேன். கண் திறந்துதான் இருந்தது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு, அவர் எந்த இடத்தில் இழுப்பாரோ அந்த இடத்தில் அவள் இழுத்தாள். விட்டாள். மறுபடி இழுத்தாள். உதடு லேசாக அசைந்தது. "அக்கா, பாட்டு நின்னு போச்சு" என்றேன்.

"என்னடி உளர்ற? பாடிட்டுத்தானே இருக்காரு" என்றாள்.

கரண்ட் வந்தது. ஸ்பீக்கர் விட்ட இடத்திலிருந்து தொடங்கவில்லை. அவள் உதடு எந்த அடியில் இருந்ததோ அந்த அடியிலிருந்து பாடியது. தற்செயல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வகுப்பில் ஒரு பிள்ளை அப்படி விடை எழுதியிருந்தால் மார்க் போட்டிருக்க மாட்டேன்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பாட்டு அவளை அழைத்துக்கொண்டு போகவில்லை. வைத்துக்கொண்டது. டாக்டர் சொன்ன கெடு தாண்டி மழைக்காலம் வந்தது, கார்த்திகை தீபம் வந்து போனது. அவள் என்னைத் திட்டினாள், மாடி வாடகையை ஏற்றினாள், மாமியைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு ஊர்வம்பு பேசினாள். வேலைக்கு வரும் பெண் மத்தியானம் போய்விடுவாள். அதற்குப் பிறகு நான் வரும்வரை அக்காவுக்கு அந்தக் குரல்தான் துணை. பஸ்ஸை விட்டு இறங்கிச் சந்து முனைக்கு வரும்போது பாட்டு கேட்கும். கேட்டதும் என் தோள் இரண்டும் தானாக இறங்கும். எந்தக் குரலைக் கேட்டு ஊரே பதறுமோ அதைக் கேட்டு நான் ஒருத்தி நிம்மதியாக நடந்தேன். பாய்கூட ஒருமுறை, "பாட்டு கேட்டாத்தாம்மா எங்களுக்கும் நிம்மதி, உள்ள அம்மா நல்லா இருக்காங்கன்னு" என்றார்.

தை மாதத்தில் ஒரு நாள். சந்து முனையில் பாட்டு கேட்டது. அவசரப்படாமல் கீரைக்கட்டு வாங்கினேன், விலை பேசினேன். பாயிடம் அவர் பெண்ணுக்கு வரன் வந்த கதையை முழுதாகக் கேட்டேன். வீட்டுக்குள் போய்க் கால் கழுவி, அடுப்பில் டீக்கு வைத்துவிட்டு, சமையலறையிலிருந்தே அக்காவிடம் பேச ஆரம்பித்தேன். தலைமையாசிரியை அன்று என்னை எல்லார் எதிரிலும் பேசியதைச் சொன்னேன். "நீயா இருந்தா என்ன சொல்லியிருப்ப?" என்று கேட்டேன். பாட்டில் இடைவெளி வந்தது. வழக்கம்போல் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. டீயை வடிகட்டினேன். இரண்டு டம்ளரையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன்.

அவள் கை குளிர்ந்துபோய் வெகுநேரம் ஆகியிருந்தது.

மெஷினை நிறுத்தினேன். பாட்டை நிறுத்தத் தோன்றவில்லை. வாசலுக்கு வந்து நின்றேன். சத்தமாகத்தான் பாடிக்கொண்டிருந்தது. பாய் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். மாமி கோலமாவு டப்பாவோடு என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். யாரும் நிற்கவில்லை. யாரும் "எப்போ?" என்று கேட்கவில்லை. இந்தத் தெருவில் சாவுச் செய்தியை வாயால் சொல்லி எனக்குப் பழக்கமே இல்லை.

உள்ளே போய் ஸ்பீக்கரை அணைத்தேன்.

வெளியே தராசுத்தட்டு டணாரென்று விழுந்தது. "ஏம்மா, பாட்டு நின்னுடுச்சு?" என்று கேட்டுக்கொண்டே பாய் தெருவைக் கடந்து ஓடிவந்தார். பின்னாலேயே மாமி. வேட்டியும் புடவையுமாகத் தெரு முழுக்க வாசலில் நின்றது. என் முகத்தைப் பார்த்ததும் பாய் திரும்பிப் போய் ஷட்டரை இறக்கினார். இந்த முறை முழுதாக. அப்போதுதான் நான் அழுதேன்.

பொழுது சாயப் பெட்டி வந்தது. அக்காவை உள்ளே படுக்கவைத்துக் கண்ணாடியை மூடினார்கள். பெட்டிக்காரர் வழக்கம்போல் தன் ஸ்பீக்கரைச் சொருகினார். குரல் எழுந்தது. முதல் அடி முடிந்து இடைவெளி வந்தது. கூடியிருந்தவர்கள் மூக்கைச் சிந்துவதை நிறுத்தி அமைதியானார்கள்.

அவர் மூச்சை இழுத்தார். நான் கண்ணாடிக்குள் அக்காவின் மார்பைப் பார்த்தேன்.

அடுத்த அடிக்கும் பார்த்தேன். அதற்கு அடுத்ததற்கும் பார்த்தேன். மாமி என் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். எழுந்து போய்ப் பார்த்தேன்.

"நிறுத்துங்க" என்றேன்.

"பாட்டு இல்லாம எப்படிங்க?" என்றார் பெட்டிக்காரர்.

"அது பாடிட்டே இருந்தா நான் இவளை எடுக்க விடமாட்டேன்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பிறகு குனிந்து பிளக்கைப் பிடுங்கினார்.