எந்தக் கொடைக்கு மொட்டை?

துரைப்பாண்டி கோகிலா டீச்சரை முதன்முதலில் பார்த்தபோது, அவர் ஒரு பையனின் மோவாயைப் பிடித்து வெயில் பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தார்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அது. சங்கரன்கோவிலுக்கு வெளியே ஒரு பள்ளி மைதானத்தில், பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கான பேஸ்பால் போட்டி. முதல் பரிசு ஆட்டுக்கிடா. கழுத்தில் மாலையோடு அதை வேலிக் கம்பியில் கட்டிப் போட்டிருந்தார்கள். துரைப்பாண்டி புளியங்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அம்பயராக வந்திருந்தான். உடற்கல்வியில் பட்டம் வாங்கியவன்; அவன் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். விதி என்று ஒன்றை எழுதி வைத்தால் மனிதர்கள் அதன்படி நடப்பார்கள் என்ற நம்பிக்கை அப்போது அவனிடம் கொஞ்சம் மிச்சமிருந்தது.

"ஏலே, காலையில சவரம் பண்ணிட்டா வந்த?" என்று கேட்டார் டீச்சர்.

"இல்ல டீச்சர், மூஞ்சி கழுவுனேன்."

"எதை வச்சுக் கழுவுன, பிளேடை வச்சா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வட்டார பேஸ்பால் சங்கத்தின் செயலாளர் சங்கரகணேஷ் குடையோடு வந்து சேர்ந்தார். அரசாங்க அலுவலகம் ஒன்றில் வேலை. எந்த விளையாட்டையும் விளையாடியவர் இல்லை. "ஏம்மா கோகிலா, பிள்ளை நல்லாச் சாப்பிடுதான், வளருதான். அதுக்குப் பட்டினியா போட முடியும்? சான்றிதழ் இருக்குல்லா?" என்றார்.

பிறப்புச் சான்றிதழ் இருந்தது. பையன் விளையாடினான். மூன்றாவது இன்னிங்ஸில் அவன் எறிந்த பந்து மீனலோசினி என்ற பத்து வயதுப் பிள்ளையின் விலாவில் போய் விழுந்தது. அவள் சத்தம் கூடப் போடாமல் மண்டி போட்டு உட்கார்ந்தாள். எறிந்தவனின் அப்பா கைதட்டினார். "அப்படித்தாம்லே! இனிமே பக்கத்துல வந்து நிக்க மாட்டா பாரு!"

பிள்ளையின் விலாவை அடித்துவிட்டு ஆட்டுக்கிடாயை ஓட்டிக்கொண்டு போனார்கள். கொட்டு மேளம் வேறு.

கூட்டம் கலைந்த பிறகு கோகிலா டீச்சர் அவனிடம் வந்தார். "தம்பி, நீங்க படிச்சவுக. வயசுக்குன்னு ரூல் ஒண்ணும் இல்லையா?"

"இருக்கு டீச்சர். சான்றிதழைப் பாக்கணும்."

"பாத்தியளா?"

"பாத்தேன்."

"எப்படி இருந்துச்சு?"

"புதுசா இருந்துச்சு டீச்சர்."

அவர் சிரித்துவிட்டார். அவனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

கோகிலா சிவகிரிக்காரர். கல்லூரியில் சாஃப்ட்பால் ஆடியவர். சங்கரன்கோவிலுக்கு வடக்கே ஒரு மானாவாரிக் கிராமத்தில் வாக்கப்பட்டு வந்து, டவுனில் தனியார் பள்ளி ஒன்றில் விளையாட்டு ஆசிரியராக இருந்தார். கணவர் லாரி ஓட்டுபவர், மாதத்தில் பாதி நாள் வடக்கே இருப்பார். தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் கோடு போட்டு, ஆடு மேய்க்கும் வீட்டுப் பிள்ளைகளையும் பருத்திக் காட்டு வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டி, டீச்சர் பேஸ்பால் சொல்லிக்கொடுக்கத் தொடங்கியிருந்தார்.

அவர் சொல்லிக்கொடுத்த விதம் அப்பன்மார்களுக்குப் பிடிக்கவே இல்லை. எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குப் பந்தை ஒரு கம்பின் மேல் வைத்துவிடுவார். அவர்கள் அடித்துவிட்டு ஓடினால் போதும், ஸ்கோர் கிடையாது. அதற்கு மேலே உள்ளவர்களுக்கு டீச்சரே மெதுவாக எறிவார். பன்னிரண்டு வரைக்கும் யாரும் ஒரே இடத்தில் நிற்கக்கூடாது. இன்றைக்குப் பந்தெறிந்தவன் நாளைக்குத் தூரத்தில் நின்று பிடிப்பான். எலும்பு முற்றாத கையால் ஒரே பையன் நாள் முழுக்க எறிந்தால் முழங்கை போய்விடும் என்று அவருக்குத் தெரியும்.

"ஸ்கோரே இல்லாம என்ன வே ஆட்டம், பல்லாங்குழியா?" என்று ஒருவர் கேட்டார். "என் மகன் நல்லா எறியுதான், அவனையே எறிய விட வேண்டியதுதான? அவன் கை, அவன் எறிஞ்சிட்டுப் போறான்" என்றார் இன்னொருவர். மகனின் கையைப் பற்றி, வாடகைக்கு விட்ட டிராக்டரைப் பற்றிப் பேசுவது போலத்தான் அவர்கள் பேசினார்கள்.

வயதுப் பிரிவு விஷயத்தில் டீச்சர் காகிதத்தை நம்புவதை விட்டு வெகுநாளாயிற்று. அவர் அப்பாக்களிடம் கேட்பதும் இல்லை. பையனின் அம்மாவைத் தேடிப் போவார். நலம் விசாரிப்பார். பிறகு பேச்சோடு பேச்சாக, "இவனுக்கு எந்தக் கொடைக்கு மொட்டை போட்டிய?" என்பார்.

குலசாமி கோயில் திருவிழாவான கொடையில் முதல் மொட்டை போடுவதும் காது குத்துவதும் அங்கே எல்லா வீட்டிலும் ஒரு வயதில் நடக்கிற காரியம். வயதைப் பற்றிப் பொய் சொல்லுகிற தாய் கூட, கொடையைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டாள். சாமி காரியம். அதோடு, அந்த வருஷம் யார் சாமியாடினார்கள், எந்த மாமன் மோதிரம் போட்டான், எவன் போடாமல் ஏமாற்றினான் என்பதெல்லாம் சேர்ந்தே வந்துவிடும். டீச்சர் மனதுக்குள் வருஷத்தைக் கணக்குப் போட்டு, பையனை அவனுக்குரிய பிரிவில் நிறுத்திவிடுவார். துரைப்பாண்டி இதைக் கேள்விப்பட்டபோது அசந்துபோனான். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வந்து கண்மாய்க்குள் நடக்கும் ஆட்டங்களுக்கு அம்பயராக நின்றான்.

அடுத்த தை மாதம் மாநிலப் போட்டி அறிவித்தார்கள். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பையன்களில் வட்டாரத்துக்கு ஓர் அணி. தேர்வு ஆட்டத்தில் ஜெயிக்கிற அணி சென்னைக்குப் போகும். ஒரு பக்கம் சங்கரகணேஷின் டவுன் அணி, இன்னொரு பக்கம் கோகிலா டீச்சரின் கண்மாய் அணி. டீச்சரின் பையன்களில் ஒருவன் கூட ரயிலேறியது இல்லை. எப்படியும் உங்களை ரயிலேற்றிக் கூட்டிக்கொண்டு போவேன் என்று அவர் வாக்குக் கொடுத்திருந்தார். பிள்ளைகள் அதைச் சாப்பாட்டு வேளையிலும் பேசினார்கள், தூக்கத்திலும் பேசினார்கள்.

டீச்சருடைய அணியில் பந்தெறிகிற நல்ல பிட்ச்சர் கோமதிசங்கர். டீச்சருடைய கணவரின் அண்ணன் இசக்கிப்பாண்டியின் மகன். திருப்பூர் பனியன் கம்பெனியில் இருந்த அந்தக் குடும்பம் கொரோனாவுக்குப் பிறகு ஊருக்கே திரும்பியிருந்தது. பையன் வளர்த்தி. அவனுடைய அம்மாவிடமும் டீச்சர் கொடையைக் கேட்டிருந்தார். கணக்குச் சரியாக வந்தது. பதினொன்று முடிந்து பன்னிரண்டு நடக்கிறது.

தேர்வு ஆட்டத்தன்று டவுன் அணியில் மூன்று தடியன்கள் இருந்தார்கள். அதில் ஒருவன் அடித்த பந்து மதிலைத் தாண்டிப் போய் மெயின் ரோட்டில் விழுந்தது. அப்படியும் கண்மாய் அணி இரண்டு ஓட்டம் முன்னால் இருந்தது. இடைவேளையில் டீச்சர், மதிலைத் தாண்டி அடித்தவனின் தாய் வள்ளித்தாயிடம் போனார். அவரும் டீச்சரின் மாமியார் ஊர்க்காரர்தான். மகனை டவுன் பள்ளியில் சேர்த்திருந்ததால் அவன் எதிர் அணியில் ஆடினான். இந்த முறை எல்லார் காதிலும் விழட்டும் என்றே டீச்சர் உரக்கக் கேட்டார்.

"என்ன மதினி, இவனுக்கு எந்தக் கொடைக்கு மொட்டை?"

"அந்தக் கூத்தை ஏன் கேக்க!" என்றார் வள்ளித்தாய், முகமெல்லாம் சிரிப்பாக. "முதல் மரியாதை யாருக்குன்னு அடிச்சிக்கிட்டு, கோயிலைப் பூட்டிப் போட்டாவல்லா? கொடை நின்னே போச்சு. மறுபடி தொடங்குன வருஷந்தான் ஊர்ப் பிள்ளையள் அம்புட்டுக்கும் ஒண்ணா மொட்டை. கைப்பிள்ளையும் இருந்துச்சு, மூணு வயசுப் பிள்ளையும் இருந்துச்சு. இவனும் ஒங்க பெரியத்தான் மகனும் ஒரு செட்டு. ஒங்க கோமதிசங்கர் பாதி மொட்டையோட எந்திரிச்சு ஓட்டம் பிடிச்சான் பாருங்க, ஆட்டுக்கிடைக்குள்ள போயில்லா பிடிச்சாவ! 'மொட்டை வேண்டாம், தாத்தாவுக்குப் போடு'ன்னு என்ன பேச்சு பேசுனான் தெரியுமா!"

சிரித்தது அவர் மட்டும்தான்.

கொடை நின்றுபோன கதை டீச்சருக்குத் தெரியாது. அவர் வாக்கப்பட்டு வந்தது அதற்கெல்லாம் பிறகு. ஒரு வயதுக் குழந்தை எழுந்து ஓடாது, தாத்தாவுக்குப் போடு என்று பேசாது என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது. மதிலைத் தாண்டி அடித்தவனுக்குப் பதினாலு. அவர் வீட்டிலேயே சோறு தின்று வளர்கிற கோமதிசங்கருக்கும் பதினாலு. அவர் திரும்பி இசக்கிப்பாண்டியைப் பார்த்தார்.

"பெரியத்தான், உண்மையா?"

"அதுக்கு இப்ப என்ன?" என்றார் இசக்கிப்பாண்டி. "திருப்பூர்ல வச்சே ரெண்டு வயசு குறைச்சுத்தான் சேத்தோம். பின்னால வேலைக்கு ஆகும்லா. ஊர் உலகத்துல செய்யாததா?"

"ஒங்க தம்பிக்குத் தெரியுமா?"

"அவனுக்குத் தெரியாமலா?"

வீட்டில் தெரியாமல் இருந்தது டீச்சர் ஒருவருக்குத்தான். ஊரான் பிள்ளைகளின் மோவாயை எல்லாம் வெயிலில் திருப்பிப் பார்த்தவர்.

சங்கரகணேஷுக்கு முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். டீச்சரையும் துரைப்பாண்டியையும் வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டார். வாழைப்பழம் ஒன்றை உரித்துத் தின்றுகொண்டே பேசினார்.

"கோகிலா, நான் ஒண்ணும் கேக்கல. நீயும் ஒண்ணும் கேக்காத. ஒம் பக்கம் ஒண்ணு, எம் பக்கம் மூணு. ஆட்டம் பாட்டுக்கு நடக்கட்டும். நீ ஜெயிச்சா நீ சென்னைக்குப் போ. ஒம் பிள்ளையளும் ரயிலைப் பாக்கட்டும். தம்பிக்கும் மாநிலப் போட்டியில அம்பயர் சான்ஸ் வாங்கித் தாரேன். என்ன தம்பி?"

தோலைக் கீழே போட்டுவிட்டு இளித்தார். இத்தனைக்கும் அந்த ஆள் எதுவுமே தப்பாகச் செய்வதாக நினைக்கவில்லை என்பதுதான் துரைப்பாண்டிக்கு அருவருப்பாக இருந்தது. ஓர் உதவி செய்கிற முகம் அது.

டீச்சர் மைதானத்தின் பக்கம் திரும்பினார். அங்கே அவருடைய பையன்கள் கையுறையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, ரயிலில் யாருக்கு ஜன்னல் சீட் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். வயது கூடிய ஒருவன் ஆடினாலும் அணியே வெளியே என்பது விதி. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், ரயில் டிக்கெட். துரைப்பாண்டியே ஒரு கணம், பேசாமல் இருந்துவிட்டால்தான் என்ன என்று நினைத்தான்.

"தம்பி, எழுதிக்கிடுங்க" என்றார் டீச்சர். "எங்க டீம்ல கோமதிசங்கருக்கு வயசு கூட. நாங்க வெளிய வாறோம். அவங்க டீம்ல மூணு பேரு. அதையும் சேத்து எழுதுங்க."

துரைப்பாண்டி எழுதினான். சங்கரகணேஷ் அதை வாங்கிப் படித்துவிட்டு, மேலே உள்ளதற்குக் கீழே கையெழுத்துப் போட்டு, அடியில் உள்ளதைப் பேனாவால் அடித்தார். "ஒன்னுது நீயே ஒத்துக்கிட்டது. என்னுதுக்கு என்ன ஆதாரம்? மொட்டையா? எங்கிட்ட சான்றிதழ் இருக்கு."

"பெத்த தாய் சொன்னாங்களே சார்" என்றான் துரைப்பாண்டி.

"தாய்க்கு சீல் உண்டுமா தம்பி?"

பக்கத்தில் நின்ற அப்பன்மார்கள் சிரித்தார்கள். டவுன் அணி சென்னைக்குப் போனது. கண்மாய்ப் பையன்கள் அழுதார்கள். ஒருவன் டீச்சரின் காலடியில் கையுறையை எறிந்துவிட்டுப் போனான். அவர் அதை எடுத்துத் தூசி தட்டி வைத்துக்கொண்டார்.

வீட்டில் நடந்தது இன்னும் கேவலம். "குடும்பத்தைச் சந்தி சிரிக்க வச்சிட்டாளே" என்று இசக்கிப்பாண்டி தெருவில் நின்று கத்தினார். வயதைக் குறைத்தபோது சிரிக்காத சந்தி, சொன்னபோது சிரித்துவிட்டதாம். லாரியிலிருந்து இறங்கி வந்த கணவர், "அண்ணங்கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுரு, முடிஞ்சு போச்சு" என்றார்.

"எதுக்கு?" என்று கேட்டார் டீச்சர்.

அந்த வாரமே டீச்சர் டவுனுக்குக் குடிவந்துவிட்டார். சங்கம் அவரைப் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து நீக்கியது. காரணம், வயது மோசடி. மூன்று தடியன்களை ரயிலேற்றிய வாய்தான் அதை வாசித்தது.

இரண்டு மாதம் கண்மாய்ப் பக்கமே அவர் போகவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை துரைப்பாண்டிக்குப் போன் வந்தது. "தம்பி, மொட்டையும் பொய் சொல்லிட்டு. இனிமே வயசையே கேக்கப் போறதில்ல. வாங்க, சொல்லுதேன்."

அவர் கண்டுபிடித்த வழி இதுதான்: பிள்ளைகளை இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே நிறுத்தி எறியச் சொல்வார். யார் எறிவதை யார் கண்ணை மூடாமல், முகத்தைத் திருப்பாமல் பிடிக்கிறார்களோ, அவர்கள் ஒரே பிரிவு. ஆடிக்கு ஒரு தரம், தைக்கு ஒரு தரம் மறுபடியும் நிறுத்திப் பார்த்து மாற்றுவார். எறியும்போது வேண்டுமென்றே மெதுவாக எறிந்து கீழ்ப் பிரிவில் ஒட்டிக்கொள்ளப் பார்ப்பவனை மற்ற பிள்ளைகளே "ஏலே, ஒழுங்கா எறிலே" என்று காட்டிக் கொடுத்துவிடுவார்கள். கோப்பை இல்லை, சான்றிதழ் இல்லை. அதனால் பாதிப் பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். முக்கியமாக, அப்பன்மார்கள்.

கோமதிசங்கர் ஒரு மாதம் கழித்துத் தானாகவே வந்தான். "சித்தி, நான் எங்க நிக்க?" என்று கேட்டான். டீச்சர் அவனைப் பெரிய பையன்களுக்கு எதிரே நிறுத்தினார். முதல் பந்திலேயே கை சிவந்துபோனது. மறுவாரமும் வந்தான்.

கோகிலா டீச்சர் இப்போது சங்கரன்கோவிலில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறார். அதே பள்ளியில் வேலை. கணவர் ஊருக்கு வரும்போது அங்கேயே வந்து தங்கிப் போகிறார். அந்தப் பேச்சை இருவரும் எடுப்பதில்லை. அவரை நீக்கிய உத்தரவைச் சங்கம் இன்னும் திரும்பப் பெறவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் முப்பது பிள்ளைகள் போலக் கண்மாய்க்குள் ஆடுகிறார்கள். மழை பெய்து கண்மாய் நிறைந்தால் ஆட்டம் கிடையாது.