முதல் மாடியின் பொய் ஜன்னல்

க்வெண்டா ட்ரான்டர் இங்கிலாந்தின் லெமிங்டன் ஊரில் இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவள். டிப்போவில் பெண் ஓட்டுநர் என்று அவள் ஒருத்திதான் இருந்த காலத்தில், எவனோ கேலிக்காக அவள் இருக்கையில் பூப்போட்ட மெத்தை ஒன்றைக் கொண்டுவந்து போட்டான். அவள் அதன்மேலேயே சுகமாக உட்கார்ந்து ஓய்வுபெறும்வரை ஓட்டினாள். கேலி செய்தவன் முதுகுவலி வந்து பாதியிலேயே வேலையை விட்டான்.

அவளுடைய கணவன் க்ளெம் வீடுகளுக்கு வெளியே வர்ணம் அடிக்கிறவன். மருத்துவ நீருக்காகப் பணக்காரர்கள் வந்து குவிந்த காலத்தில் கட்டிய பெரிய வில்லாக்கள் அந்த ஊரில் தெருத்தெருவாக நிற்கின்றன. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அதே பாலாடை நிறத்தை மறுபடி அடிக்க வேண்டும் என்று பத்திரத்திலேயே எழுதியிருப்பதால், க்ளெம் போன்றவர்களுக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை. தெருமுனையில் இருந்த ஆஷ்கோம் வில்லாவுக்கு வர்ணம் அடிக்கப் போனவன், அந்த வீட்டின்மேல் மயங்கி, முதல் மாடியையே வாங்கிக் குடியேறிவிட்டான். அவளைக்கூட அவன் அவ்வளவு சீக்கிரம் கல்யாணத்துக்குக் கேட்கவில்லை என்று க்வெண்டா இன்றைக்கும் குத்திக்காட்டுவாள்.

முனை வீடு என்பதால் அதற்கு இரண்டு முகம். முன்பக்கம் பெரிய தெரு, பக்கவாட்டில் சின்னத் தெரு. சின்னத் தெருப் பக்கம் முதல் மாடியில் இரண்டு ஜன்னல்கள் ஜோடியாகத் தெரியும். ஒன்று நிஜம். மற்றது பொய். சுவரில் ஜன்னல் அளவுக்கு ஒரு பள்ளம். அதற்குக் கறுப்பு அடித்து, மேலே வெள்ளையில் சட்டங்களை வரைந்துவிட்டால், கீழே நடந்து போகிறவனுக்கு வித்தியாசமே தெரியாது. அதை ஆறுமுறை வரைந்தவன் க்ளெம்தான். அந்தப் பொய் ஜன்னலுக்கு நேர் உள்பக்கம் அவர்களுடைய சமையலறை. அங்கே ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. காலையில் போடும் டியூப் லைட்டைப் படுக்கப் போகும்போதுதான் அணைப்பார்கள்.

அது ஒரு காலத்தில் நிஜ ஜன்னலாக இருந்தது என்பது க்ளெமின் கட்சி. அந்தக் காலத்தில் அரசாங்கம் ஜன்னலுக்கு வரி போட்டதாம். அதற்குப் பயந்து அடைத்துவிட்டார்களாம். எந்தப் பொய் ஜன்னலைக் காட்டினாலும் ஊரில் பாதிப்பேர் இதே கதையைத்தான் சொல்வார்கள். வரும் கோடையில் இடித்துத் திறந்துவிடுகிறேன் என்று அவன் முப்பது கோடைகளாகச் சொல்லிவந்தான். பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

பிறகு, ஏணி ஏறியே தேய்ந்த இடுப்பு அவனைக் கைவிட்டது. முப்பத்தெட்டுப் படிகள். ஆஸ்பத்திரிக்கு மட்டும் இறங்குவான். பின்னறையில் உட்கார்ந்தால் பக்கத்து வீட்டுச் சுவரும் ஒரு சாக்கடைக் குழாயும்தான் காட்சி. முன்பக்கப் படுக்கையறையில் ஆளுயர ஜன்னல் இருந்தது. ஆனால் பகலில் படுக்கையறையில் உட்காருகிறவன் ஒன்று நோயாளி, இல்லை கோபித்துக்கொண்டவன் என்று சொல்லி அங்கே போக மறுத்துவிட்டான். கெட்டில் இருக்கிற இடம்தான் அவனுக்கு வேண்டும். நாள் முழுக்கச் சமையலறையில் வெறும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். சாரத்தின்மேல் நின்று ஊரையே பார்த்து வாழ்ந்த மனுஷன். அவன் பேச்சு குறைந்துகொண்டே வந்தது.

மகள் லோர்னா சும்மா இருப்பாளா? ரக்பி என்ற பக்கத்து ஊரில் படியே இல்லாத சின்ன வீடு ஒன்றைப் பார்த்து, கையெழுத்துப் போடுவது ஒன்றுதான் பாக்கி என்ற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டாள். க்வெண்டாவுக்குப் போக மனமே இல்லை. இந்த ஊரில் எந்தத் திருப்பத்தில் எந்த நாய் குரைக்கும் என்பதுவரை அவளுக்குத் தெரியும். செப்டம்பர் முடியும்வரை தவணை கேட்டாள். ஜன்னல் திறந்தால் இங்கேயே இருப்போம், இல்லையென்றால் மறுபேச்சு இல்லாமல் வருகிறோம் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்தாள். அன்றைக்கே நகராட்சிக்கு விண்ணப்பமும் போட்டாள். பழைய வீட்டில் அவர்களைக் கேட்காமல் ஒரு ஆணி அடிக்க முடியாது.

செப்டம்பர் மூன்றாம் வாரம் பழைய கட்டடங்களைக் கவனிக்கும் அலுவலர் வந்தாள். மிஸ் ஆட்லி என்று பெயர். தூசி படிந்த பூட்ஸ், கையில் டார்ச், கக்கத்தில் சுருட்டிய வரைபடம். க்ளெம் அவளுக்குத் தேநீர் கொடுத்து, ஜன்னல் வரியைப் பற்றிக் கால்மணி நேரம் பாடம் எடுத்தான். அவளும் பொறுமையாகக் கேட்டு, தேநீரைக் குடித்து முடித்தாள்.

“மிஸ்டர் ட்ரான்டர், இந்த ஜன்னலுக்கு நேர் மேல, கூரையில என்ன இருக்கு?”

“சிம்னி. நாலு குழாய்.”

“கீழ்த்தளத்து அடுப்புலேர்ந்து அந்த நாலு குழாய்க்கும் புகை எந்த வழியா போச்சுன்னு நினைக்கிறீங்க?”

க்ளெம் கோப்பையைக் கீழே வைத்தான். ஆறுமுறை அந்தச் சிம்னிக்கு அடியில் நின்று வர்ணம் அடித்தவன். ஒருமுறைகூட அண்ணாந்து பார்த்து யோசிக்கவில்லை.

அவள் வரைபடத்தை விரித்தாள். கட்டியவர் வரைந்த படத்திலேயே அந்த ஜன்னல் கறுப்பாகத்தான் இருந்தது. யாரும் எதற்கும் பயந்து அடைக்கவில்லை. அந்தப் பக்கம் ஒன்று இருக்கிறதே, இந்தப் பக்கம் மொட்டையாக விட்டால் அழகாக இருக்காதே என்று ஜோடிக்கு வைத்தது. உள்ளே முழுக்கப் புகைப்பாதை. அதில் கைவைக்கவே முடியாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

க்வெண்டாவுக்கு ரக்பி வீட்டின் தாழ்ந்த கூரை கண்முன் வந்து நின்றது.

“முப்பது வருஷமா உன்னை ஏமாத்திட்டேன், க்வென்,” என்றான் க்ளெம்.

“நீ எங்கய்யா ஏமாத்துன? உனக்கே தெரியாம இருந்தா அது ஏமாத்தா? அந்தப் பொண்ணுக்கு பிஸ்கட்டை எடுத்துக் குடு.”

பிஸ்கட்டை எடுத்த மிஸ் ஆட்லி அதைக் கடிக்கவில்லை. சமையலறையின் உள்கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரும் கூரையும் சேரும் இடத்தில் சுண்ணாம்பில் செய்த இலைக்கொடி மூன்று பக்கம் ஓடி, நாலாவது சுவரில் வெட்டினாற்போல் நின்றிருந்தது. அந்தச் சுவரை ஒட்டிக் கூரையில் பாதிப் பூ ஒன்று இருந்தது.

“மீதிப் பூ எங்கம்மா?”

“படுக்கையறையில,” என்றாள் க்வெண்டா. சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஒவ்வொரு வசந்தத்திலும் இரண்டு பாதிகளையும் அவள்தான் தூசி தட்டுகிறாள். இரண்டையும் சேர்த்து ஒரு பூ என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

மிஸ் ஆட்லி அந்த நாலாவது சுவரைத் தட்டினாள். வெற்றுப் பெட்டியைத் தட்டின சத்தம்.

“இது வீட்டோட சுவரே இல்ல. பலகை. வீட்டைத் தனித்தனியாப் பிரிச்சப்ப யாரோ குறுக்க வச்சுட்டாங்க. இது முழுக்க ஒரே ஹால், அந்தப் பெரிய ஜன்னல் வரைக்கும். இதை எடுக்கறோம்னு எழுதிக் குடுங்க. வேண்டாம்னு சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்ல.”

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை என்று இதைத்தான் சொல்வார்கள். கட்டில் பின்னறைக்குப் போகட்டும், தூங்குகிறவனுக்குக் காட்சி எதற்கு என்று க்வெண்டா அந்த இடத்திலேயே முடிவு செய்தாள். லோர்னாவைப் போனில் கூப்பிட்டு நவம்பர் முடியும்வரை தவணையை நீட்டச் சொன்னாள். இந்தச் சுவர் இல்லை என்றால் அந்தச் சுவர், அதுவும் இல்லை என்றால் எந்தச் சுவர் என்று மகள் கேலி செய்தாள். ஆனால் நீட்டிக் கொடுத்தாள்.

நவம்பர் முதல் வாரம் அனுமதி வந்தது. இரண்டு ஆட்கள் ஒரே மத்தியானத்தில் பலகையைப் பிரித்து எடுத்தார்கள். தூசி அடங்கியபோது, தெருப்பக்கத்து வெயில் பாத்திரம் கழுவும் தொட்டிக் குழாய்வரை வந்து விழுந்திருந்தது. க்வெண்டா டியூப் லைட்டை அணைத்துவிட்டு, தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவ்வளவு சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்த லோர்னா, முழுப் பூவுக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு, படி அப்படியேதான் இருக்கிறது என்று சுருக்கென்று சொன்னாள். “இறங்கினாத்தானேம்மா படி,” என்றான் க்ளெம். அவள் சிரித்துவிட்டாள். வறுத்த மாட்டிறைச்சியில் இரண்டாவது துண்டு எடுக்கும்போது, ரக்பி வீட்டை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிடுவதாகத் தானே சொன்னாள்.

மறுநாள் காலையில் க்வெண்டா அவனுடைய நாற்காலியைப் பெரிய ஜன்னலுக்கு நேராக, தெருவைப் பார்த்துப் போட்டுவிட்டுக் கடைக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, தெருவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“இவ்வளவு பாடுபட்டது நீ ரோட்டைப் பாக்கணும்னுதானேய்யா?”

“ரோட்டை நாப்பது வருஷம் சாரத்துல நின்னு பாத்தாச்சு, க்வென். இந்தச் சமையல்கட்டுல உன் முகத்தைப் பகல் வெளிச்சத்துல நான் ஒருநாள்கூடப் பாத்ததில்ல.”

அவள் பையைக் கீழே வைத்தாள். சுருக்கம்தான் இருக்கிறது, நன்றாகப் பார்த்துக்கொள் என்று முணுமுணுத்தாள். பிறகு உருளைக்கிழங்கையும் இரண்டு கத்தியையும் எடுத்து வந்து, வழக்கம்போல் தொட்டியடியில் நிற்காமல், அவனுக்கு எதிரே உட்கார்ந்து தோல் சீவத் தொடங்கினாள்.