கைவிசேடம் ஒரு ரூபா

"என் பெயரால் வாடகை வாங்கவும், வரி கட்டவும், வங்கியில் காசு போடவும் எடுக்கவும், வழக்குப் பேசவும்..." 1933 ஐப்பசியில் என் தகப்பனார், எங்கள் ஐயா, தமக்குப் பதிலாக நடக்க எனக்கு அதிகாரம் எழுதித்தந்த அற்றோணித் தத்துவம் இப்படிப் போகிறது. யாருக்கும் இனாமாகக் கொடுப்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஐயா அப்போது பொல்லு ஊன்றி நடந்துகொண்டிருந்தார். கொடுக்க வேண்டியதைத் தாமே கொடுப்பார் என்று நினைத்திருப்போம்.

மார்கழியில் பாரிசவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போயின. கட்டுக்கலையில் எங்கள் வீட்டின் முன்னறையில் கட்டிலைப் போட்டுக் கிடத்தினோம். அந்த அறையில் வெயில் விழாது.

அக்கா புசல்லாவையில் இருந்தா. அத்தான் அங்கே ஆசிரியராக இருந்து இறந்தவர். மகளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சம்பந்தம் பொருந்தியிருந்தது. சீதனத்தில் குறைந்த ஐந்நூறு ரூபாவைத் தாம் தருவதாக ஐயா, நடமாடிய காலத்தில், மாப்பிள்ளை வீட்டாரிடமே சொல்லியிருந்தார். அவர்கள் சித்திரை முடியும்வரை பொறுப்பதாகச் சொன்னார்கள். ஐயாவின் காசு வங்கியில் இருந்தது. எடுக்கும் கையெழுத்து என்னுடையது.

"ஐயாவின்ரை காசு, ஐயாவின்ரை பேத்தி. இதுக்குள்ளை சட்டம் எங்கையடா வந்தது?" என்று ஐயாவைப் பார்க்க வந்திருந்த அக்கா கேட்டா.

நான் கந்தோரில் எழுதுவினைஞன். கேளாமல் செய்யப் பயந்து, தத்துவத்தை எழுதிய சட்டத்தரணியான பிரக்கிராசியாரை அழைத்துவந்தேன். அவர் பத்திரங்கள் எழுதும் நொத்தாரிசு வேலையும் பார்ப்பவர், ஐயாவின் பழைய சிநேகிதர். ஐயாவே விளங்கிச் சம்மதம் காட்டினால் கைநாட்டு வைத்து நன்கொடை உறுதி எழுதலாம் என்றார். கதிரையைக் கட்டிலுக்குக் கிட்ட இழுத்து இருந்தார்.

"ஐயா, பேத்தியின்ரை கலியாணத்துக்கு ஐந்நூறு ரூபா குடுக்கப் போறியளோ?"

ஐயா தலையசைத்தார். அக்கா என்னைப் பார்த்தா.

"கடையறை ரெண்டையும் எனக்கு எழுதித் தரப் போறியளோ?"

அதற்கும் அதே அசைப்பு.

"பிள்ளையள், நான் இண்டைக்குப் பணக்காரனாய் வீட்டை போகலாம் போலை கிடக்கு" என்றார் அவர். அக்கா முதலில் சிரித்துவிட்டா. பிறகு எழுந்து குசினிக்குப் போனா.

வாசலில் அவர் குடையை விரித்தபடி என்னிடம் சொன்னார்: "தம்பி, ஐயாவுக்கு விளக்கம் இல்லாமல் போனபடியால் இந்தத் தத்துவமே இனிச் செல்லுமோ எண்டு எனக்குச் சந்தேகம். வாடகை வாங்கும், மருந்து வாங்கும், ஒருத்தரும் கேக்கமாட்டினம். ஐந்நூறை எடுத்துக் குடுத்தீரோ, மலாயாவிலை இருக்கிற உம்மடை தமையன் நாளைக்குக் கேட்பார். வருசப்பிறப்புக்குக் கைவிசேடம் வேணுமெண்டால் குடும். ஐயா வழக்கமாய்க் குடுக்கிறது எவ்வளவோ அவ்வளவு."

வருடப்பிறப்பன்று நல்லநேரம் பார்த்துப் பெரியவர் கையால் சிறியவருக்குக் காசு கொடுப்பதுதான் கைவிசேடம். ஐயா ஆளுக்கொரு வெள்ளி ரூபா கொடுப்பார். பிரக்கிராசியார் சொன்னதை அக்காவுக்குச் சொன்னபோது அவ வேறு விதமாக விளங்கிக்கொண்டா. "அப்ப அண்டைக்கு ஐந்நூறையும் ஐயாவின்ரை கையிலை வை. அவர் குடுக்கட்டும். பிறகு ஆர் கேக்கிறது?" நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதை அவ ஓம் என்றே எடுத்துக்கொண்டா.

சித்திரை வருடப்பிறப்பன்று காலை முதல் பஸ்ஸிலேயே தாயும் மகளும் வந்து இறங்கினார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. இடக்கையால் கைவிசேடம் கொடுக்கக் கூடாது. ஐயாவின் வலக்கை மடங்கி இறுகிப் போயிருந்தது. நான் விரல்களை விரித்து உள்ளங்கையில் வெற்றிலையையும் ஒரு ரூபாவையும் வைத்தேன். விரல்கள் திரும்ப மூடிக்கொண்டன. மணிக்கட்டைப் பிடித்து அந்தக் கையைப் பிள்ளையின் ஏந்திய கைகளுக்கு மேலே கொண்டுபோனேன். விரல்கள் விடவில்லை. பிள்ளை குனிந்தபடியே நின்றாள்.

கடைசியில் ரூபா விழுந்தது.

அக்கா அதைப் பார்த்தா, பிறகு என் மேசையைப் பார்த்தா. அங்கே வேறொன்றும் இல்லை.

"இவ்வளவுதானோ?"

"ஓமக்கா."

"ஐயாவுக்கும் மனமில்லைப் போலை. நல்லாய் இறுக்கிப் பிடிச்சவர்." மகளிடம் திரும்பி, "வா பிள்ளை, பஸ் போயிடும்" என்றா. சாப்பிடாமல் போனார்கள்.

சித்திரை முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வேறிடம் பார்த்தார்கள். ஆடியில் ஐயா காலமானார். சொத்துப் பிரித்தபோது அக்காவின் பங்கு ஐந்நூறுக்கு மேலேயே வந்தது. தமையன் மலாயாவிலிருந்து ஒரு கணக்கும் கேட்கவில்லை. பிள்ளையின் கலியாணம் எப்போது என்று மட்டும் எழுதிக் கேட்டிருந்தார். அந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. மருமகள் புசல்லாவையிலேயே படிப்பிக்கிறாள். இன்னும் கலியாணம் ஆகவில்லை.

அந்த வருடப்பிறப்பு நாளின் நாட்குறிப்பில் "ஐயா பேத்திக்குக் கைவிசேடம் கொடுத்தார்" என்று எழுதியிருக்கிறேன். ஐயா தாமாக விரலை விட்டாரா, என் பெருவிரல் நெம்பியதா என்பது எனக்கே நிச்சயமில்லை. கிட்ட இருந்து கண்டவள் மருமகள் ஒருத்தி. 1938இல் பேராதனைச் சந்தியில் கண்டபோது கேட்டேன். "ஞாபகமில்லை மாமா" என்றாள். ஆகவே அந்தக் குறிப்பு சரியென்று இதுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.