ஸ்டார்ட் வராத காரும் என்மேல் வந்த பழியும்

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். எழுத வந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்கிறேன். நாலு பேர் நின்றால் எனக்கு வாய் எழாது. அதனால்தான் இதைத் தாளில் எழுதுகிறேன்.

முரசுமோட்டையில் எங்களுக்கு வயலும் ஒரு பழைய காரும் உண்டு. காரை ஓட்டியவர் என் கணவர். அவருடைய இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்த பிறகு, நாற்பத்தேழு வயதில் நான் கார் ஓட்டப் பழகி லைசன்சும் எடுத்தேன். வவுனியா ஆஸ்பத்திரியில் அவருக்குக் கண் சத்திரசிகிச்சை. அவர்கள் தந்த முதல் தவணைத் தேதிக்கு வெளிக்கிட்ட காலையில் கார் ஸ்டார்ட் வரவில்லை. பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது எங்கள் முறை போய்விட்டது. அடுத்த தவணைக்கு மூன்று மாதம். அதையும் விட்டால் பட்டியலின் அடிக்குத்தான் போவோம் என்று தாதி சொன்னார்.

அந்த மூன்று மாதமும் கார் அப்படித்தான். திறப்பை, அதாவது சாவியை, திருப்பினால் ‘டிக்’ என்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. அரை மணி கழித்து ஒன்றும் நடவாதது போல ஸ்டார்ட் வரும். கராஜுக்குக் கொண்டுபோனால் மெக்கானிக் பத்துத் தரம் திருப்புவார், பத்துத் தரமும் வரும்.

“அண்ணை, காரிலை ஒரு பழுதும் இல்லை. ஓடுற ஆளிலைதான்” என்றார் என் கணவரிடம், என்னைப் பாராமல்.

“அவா திறப்பைத் திருப்பிறதே பயந்து பயந்துதானே” என்றார் என் கணவர்.

“அதுதான். காருக்கும் ஆளைத் தெரியும்.”

இருவரும் சிரித்தார்கள். அது என்ன சத்தம், எப்போது வருகிறது என்று ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. ஒவ்வொரு தரமும் அதைக் கேட்டவள் நான் ஒருத்திதான்.

இரண்டாம் தவணைக்கு முதல் நாள் பின்னேரம் மறுபடியும் ‘டிக்’. திறப்பைத் திருப்பும்போது காருக்குள் எரிந்த லைட் அணைந்ததைக் கண்டேன். கரண்ட் எங்கோ அறுகிறது என்று பட்டது. முன்மூடியை, பொனற்றைத் திறந்தேன்.

“கை வைக்காதையும், உடைச்சுப் போடுவீர்” என்றார் என் கணவர், முற்றத்துக் கதிரையில் இருந்தபடி.

பற்றரி வயரைத் துணியால் பிடித்து அழுத்தினேன். லைட் பளிச்சென்று எரிந்தது. ஸ்பனரால் நட்டைத் தளர்த்தி வயரைக் கழற்றினால், அது பற்றரியைக் கவ்வுகிற இடத்தில் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம்.

ஆயுத பூசையன்று அதே கராஜில் மாற்றிய பற்றரி அது. மெக்கானிக் தட்டோடு வந்து எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தது நினைவு வந்தது. பற்றரி முனைகளுக்கும் வைத்து, அதன் மேலேயே வயரை இறுக்கியிருக்கிறார். காய்ந்த சந்தனம் இடையில் நின்று மறித்திருக்கிறது. கராஜுக்குப் போகும் குன்றும் குழியுமான ரோட்டில் குலுங்கி வயர் கொஞ்சம் பற்றரியில் முட்டியிருக்கும்; அதுதான் அங்கே பத்துத் தரமும் ஸ்டார்ட் வந்திருக்கிறது. அவருடைய கைராசி அவ்வளவுதான்.

பொட்டு வைப்பதில் எனக்குக் குறையில்லை. என் தையல் மெசினுக்கும் வைக்கிறேன், நூல் ஓடுகிற இடத்தில் அல்ல.

சுரண்டித் துடைத்து இறுக்கினேன். ஸ்டார்ட் வந்தது. மெக்கானிக்குக் கோல் எடுத்தேன்.

“சாமி காரியம் அக்கா. எல்லாருக்கும் அப்பிடித்தான் வைச்சனான்.”

“பழுது ஆரிலை எண்டு இவருக்கு ஒருக்காச் சொல்லுங்கோ” என்று போனைக் கணவரிடம் கொடுத்தேன். பத்து நிமிடம் மழையையும் நெல்லையும் பற்றிக் கதைத்தார்கள். வைத்துவிட்டு, “நல்ல பெடியன், பாவம்” என்றார். மூன்று மாதம் தட்டித் தடவி நடந்தவர் இவர், பாவம் அவராம்.

அடுத்த நாள் காலை ஐந்தரைக்குக் கார் முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் வந்தது. எட்டு மணிக்கு முன் வவுனியாவில் நின்றோம். வலக் கண்ணுக்குச் சத்திரசிகிச்சை செய்தார்கள்.