மூன்று மூடி ஷாம்பு

என் அக்காவைச் சோம்பேறி என்று எழுதிக் கொடுத்த காகிதங்கள் இரண்டு. இரண்டையும் நான் படித்திருக்கிறேன். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்கா ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் கார்ப்பெட் கழுவுகிறவள். அதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் சலவைக் கடையில் துணி அலசினாள். வீட்டில் யாராவது அரைகுறையாக அலசிக் காயப்போட்டால், கொடியிலிருந்து உருவி மறுபடி வாளியில் போடுவாள். மாமா போட்டுக்கொள்ளச் சட்டையில்லாமல் நின்ற காலைகள் உண்டு. அழுக்கு விஷயத்தில் கட்டின புருஷனுக்கே சலுகை கிடையாது. அவளைத்தான் சோம்பேறி என்றார்கள்.

நடந்தது இதுதான். சனிக்கிழமைதோறும் நாலாவது மாடி முழுக்க ஷாம்பு போட்டு மெஷின் ஓட்டுவாள். திங்கட்கிழமை கார்ப்பெட் புதுசு போல இருக்கும். வியாழனுக்குள் லிஃப்ட் வாசலிலிருந்து கவுண்டர் வரை கறுப்பாக ஒரு தடம் விழுந்துவிடும். வாளிக்கு ஒரு மூடி போதும் என்று ஷாம்பு கேனிலேயே எழுதியிருக்கிறது. சூப்பர்வைசருக்கு அது போதாது. "நுரை வந்தாத்தான் சுத்தம். மூணு மூடி ஊத்து" என்பார். தடம் விழுந்ததும் நாலு மூடி ஊற்றச் சொன்னார். அந்த வாரம் புதன்கிழமையே கறுத்துவிட்டது.

"சார், துணியில சோப்பு நின்னுபோச்சுன்னா பிசுபிசுன்னு அழுக்கைப் பிடிச்சு வச்சுக்கும். இதுவும் அதே கதைதான். ஷாம்பைக் கொறச்சு, வெந்நீர் விட்டு அலசிப் பார்க்கலாம்" என்றாள் அக்கா.

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னு சொன்னாளாம்!" என்று சிரித்தார் அந்த மனுஷன். அன்றைக்கே முதல் மெமோ. அடுத்த மாதம் இரண்டாவது. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

அதே கட்டடத்தில் நான் லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாள் அவரை உள்ளே வைத்துப் பூட்டிவிடலாமா என்று கேட்டேன். விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

"சும்மா இருடா. உன் வேலையும் சேர்ந்து போகும்" என்றாள்.

மூன்றாவது மெமோவை எடுத்துக்கொண்டு மேனேஜரும் சூப்பர்வைசரும் வந்த வெள்ளிக்கிழமை, நான் நாலாவது மாடியில் லிஃப்ட் கதவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அக்கா வாதாடவில்லை. ஷாம்பு கேனை மேனேஜர் கையிலேயே கொடுத்துவிட்டு, மெஷினில் வெறும் வெந்நீரை ஊற்றினாள். கவுண்டர் முன்னால் ஒரு பாய் அகலத்துக்குத் தண்ணீர் விட்டு உறிஞ்சி எடுத்தாள். பிறகு அழுக்குத் தண்ணீர்த் தொட்டியைத் திறந்தாள். விளிம்பு வரை சாம்பல் நிற நுரை.

"இன்னைக்கு ஒரு சொட்டு ஷாம்பு போடலை சார். இதெல்லாம் போன மாசம், அதுக்கு முந்தின மாசம் ஊத்தினது. இந்த இடத்துல மட்டும் ஒரு வாரம் ஷாம்பு போடாம விடுங்க. அப்புறம் மெமோ கொடுங்க."

அடுத்த வெள்ளிக்கிழமை தடம் வழக்கம்போலக் கறுத்திருந்தது. அந்தப் பாய் அகலம் மட்டும் பளிச்சென்று இருந்தது. அதன் மேலும் அதே செருப்புகள்தான் நடந்திருந்தன.

மேனேஜர் மூன்றாவது மெமோவைக் கிழித்தார். பழைய இரண்டையும் வரவழைத்து, அடியில் 'கார்ப்பெட் கறுத்ததற்குக் காரணம் ஷாம்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பேனாவை மூடினார்.

"போதுமா? இப்ப சந்தோஷமா?" என்றார் சூப்பர்வைசர். ஒரு மன்னிப்பு அந்த வாயிலிருந்து வரவில்லை. எனக்குக் கை துறுதுறுத்தது.

அக்கா நிதானமாக இரண்டு தடவை படித்தாள்.

"ஷாம்பு தானா நடந்து வந்து வாளிக்குள்ள விழுந்துச்சா சார்? மூணு மூடி ஊத்தச் சொன்னவரு பேரு இதுல இல்லையே?"

"பேரெல்லாம் எதுக்கும்மா? அதான் விஷயம் முடிஞ்சுதே" என்றார் மேனேஜர்.

"மெமோவுல என் பேரு இருக்கே சார்."

சூப்பர்வைசர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மேனேஜர் மூடிய பேனாவை மறுபடி திறந்தார்.